சிரட்டைத் தேத்தண்ணி

– கேத்தில்ல பாதிக்கு மேல காணோம். முன்னுக்கு இருக்கிற வாங்குல குந்த ஒரு குஞ்சு இல்ல. தேத்தண்ணி எங்க போச்சு தம்பி?

– ஆவியாப் போயிருக்கும் அக்கா.

– ஆவியா.

– அடுப்பு இண்டைக்கு நல்லா எரிஞ்சது.

– ஸ்ரனிஸ்லஸ் தம்பி, நான் விடிய எந்திரிச்சு அகதி முகாமுக்குப் போயி, சமையல் கொட்டில்ல குனிஞ்சு குனிஞ்சு தேங்காச் சிரட்டை பொறுக்கி, சாக்குல கட்டித் தலையில வச்சு நடந்து வாறேன். வந்து இன்னும் சாக்க எறக்கல. நீங்க ஆவிங்கிறீங்க. பனங்கட்டியும் ஆவியாவா போச்சு?

– என்ர மாதாவே. பேச்சியக்கா, வந்ததும் வராததுமா விசாரணை வைக்காதேங்கோ. நான் கடலுக்குப் போய் வெறுங்கையோட திரும்பின நாளிலகூட என்ர மனிசி இப்பிடிக் கேட்டதில்லை.

– கேட்டிருந்தா நீங்க இன்னும் நல்லா வந்திருப்பீங்க. சாக்கப் பிடிங்க.

– இவ்வளவு சிரட்டையையும் என்ன செய்யப்போறம்? நேற்றுப் பொறுக்கினதே ஒண்டும் குறையாமக் கிடக்கு.

– அதத்தான் நானும் கேக்கிறேன். இந்தத் தருமபுரத்துல இருக்கிற தேத்தண்ணிக் கடை எல்லாம் பூட்டிக் கெடக்கு. வாந்திபேதி வந்ததுல இருந்து சுகாதாரம் பாக்கிற பிஎச்ஐ ஐயா வந்து வந்து ஒண்ணொண்ணாப் பூட்டிட்டாரு. தெறந்திருக்கிற ஒரே கடை நம்ம கடை. மத்தவன் வயிறெரிஞ்சு சாகணும், அப்படி யாவாரம் நடக்கணும். நாம ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

– ஈ இருக்கக்கூடாது எண்டும் பிஎச்ஐ சொன்னவர்.

– சிரிப்புக் காட்டாதீங்க. எல்லாம் நீங்க கிளாசு கழுவின அன்னைக்குப் பிடிச்ச சனியன்.

– திரும்பவும் அந்தக் கதையோ?

– திரும்பவும்தான். கடைக்கிருந்த கிளாசு அத்தனையும் பச்சைத் தண்ணி வாளியில இருந்து எடுத்து, கொதிக்கிற அண்டாவுல நேராப் போட்டீங்க. பொங்கலுக்கு வெடி கொளுத்தின மாதிரி வெடிச்சுச்சு. நான் செல்லுதான் விழுதுன்னு பங்கருக்கு ஓடுனேன்.

– பிஎச்ஐ கொதிதண்ணியில போடச் சொன்னவர். மெல்லமாப் போடச் சொல்லேல்லை. எங்கட கரையில கிளாஸ் பாவிக்கிறதில்லை அக்கா. தேத்தண்ணி எண்டாத் தகரப் பேணி, கள்ளு எண்டா ஓலைப் பிளா. எனக்குக் கிளாசின்ர குணம் தெரியுமோ?

– பேணி வாங்கலாம்னா பேணி இல்ல. எடம்பெயர்ந்த சனம் இருக்கிற பேணியத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குது. கிளாசு வாங்கலாம்னா வவுனியாவத் தாண்டி வராது. ஆமிக்காரன் சேலைனையே விட மாட்டேங்கிறான். சவர்க்காரத்தையே விட மாட்டேங்கிறான்.

– கிளாசில என்ன குண்டு செய்யலாம் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறாங்களாக்கும்.

– அப்பதானே நான் சிரட்டைன்னேன். பொறுக்கிட்டு வாறது, உள்ளயும் வெளியயும் மணல் போட்டுத் தேய்க்கிறது, கொதிதண்ணி ஊத்துறது. ஒருத்தர் குடிச்சதும் அவர் கண்ணு முன்னாலயே அடுப்புல போட்டுடறது. ஒரு வாய் வச்சதுல இன்னொரு வாய் படாது. கழுவுற வேலை இல்ல, சவர்க்காரம் வேணாம். அடுத்த கேத்திலுக்கு அதுவே வெறகு. இதுல எங்க தப்பு இருக்கு, சொல்லுங்க?

– தப்பில்லை. பிஎச்ஐயே நிண்டு பாத்திட்டு, இவ்வளவு நாளா எனக்கு ஏன் இது தோன்றேல்லை எண்டு கேட்டவர்.

– கேட்டாருல்ல? கடையத் தெறந்து வைங்க, ஆனா ஒரு கிளாசு கண்ணுல பட்டாலும் பூட்டிடுவேன்னுட்டுப் போனாரு. இன்னைக்கு மத்தியானம் திரும்ப வாறாரு. வந்து பாத்தா என்ன இருக்கு? ஒரு மலை சிரட்டை, ஒரு வெறும் வாங்கு. சனத்துக்கு என்னதான் கேடு?

– அக்கா, நீங்கள் காலமை முகாமுக்குப் போயிடுவியள். முன்னுக்கு நிண்டு குடுக்கிறது நான். அந்த முகங்களைப் பாக்கிறதும் நான். முத்துலிங்கத்தாருக்கு முதல் நாள் நீட்டினன். பெரிய வீட்டு மனிசன், யாழ்ப்பாணத்திலயிருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாலும் சால்வையை விடேல்லை. வாங்கினவர், திருப்பித் திருப்பிப் பாத்தவர். தம்பி, எங்கட வளவில இது ஆருக்குக் குடுக்கிறது எண்டு தெரியுமோ எண்டு கேட்டார். எனக்கென்ன தெரியும், ஆருக்கு ஐயா எண்டன். அப்பிடியே வாங்கில வைச்சிட்டு எழும்பிப் போனார்.

– போகட்டும். அவருக்குப் பெரிய வீட்டு நெனப்பு.

– பின்னேரம் பொன்னையா அண்ணை வந்தவர். அவர் கையிலயே வாங்கேல்லை. கொஞ்ச நேரம் அதைப் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, உன்ர வயசுக்கு உனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறிக்கூட ஓடேல்லை. குடுத்த வளவுக்காரரும் கோவம், வாங்கின சனமும் கோவம். நடுவில நான் என்ன செய்ய?

– வாந்திபேதி வருத்தக் காலத்துல மானமாம் மருவாதையாம். தெனம் ஒரு பாடை போகுது. இவங்களுக்குக் குடிக்கிற சாமான்ல கௌரவம் பாக்கணும். நல்ல கூத்து.

– நான் ஜாம் போத்தல்ல குடுப்பம் எண்டன். நீங்கள்தான் வேண்டாம் எண்டியள்.

– ஜாம் போத்தல் எல்லாம் வீட்டுக்கு வீடு வெளக்கா எரியுது. எவன் தருவான்? சில ஊர்ல ஒதுக்கி வச்ச சனத்துக்குச் சிரட்டைக்குப் பதிலா போத்தல்லதான் குடுத்தாங்களாம், பொன்னையாண்ணே சொன்னதா நீங்கதானே சொன்னீங்க.

– பிளா எண்டன்.

– ஓலையில தேத்தண்ணிய ஊத்திக் குடுத்தா, கள்ளுக்கடை நடத்துறோம்னு பிஎச்ஐக்கு முன்னால இயக்கத்து ஆளுங்க வந்து பூட்டுவாங்க. அது கெடக்கட்டும். அந்தப் பேசின் ஏன் கவுந்து கெடக்கு?

– எந்தப் பேசின்?

– அடுப்புக்குப் பின்னால. சாக்கப் போட்டு மூடியிருக்கே.

– கோழிக்குஞ்சு.

– நாம கோழி வளக்கலையே.

– பக்கத்து வீட்டுக் குஞ்சு. வெயிலுக்கு.

– தூக்குங்க.

– அக்கா, இருங்கோ, நான் சொல்லுறன்.

– நீங்க சொல்ல வேணாம். நான் தூக்குறேன். ம். நல்ல குஞ்சு. பளபளன்னு இருக்கு. கிளாசு எல்லாம் வெடிச்சுச்சுன்னீங்க?

– ஒண்டு தப்பிட்டுது.

– ஈரமா இருக்கு. இப்பத்தான் யாரோ குடிச்சிருக்காங்க. இருங்க, பின்வேலியில ஒரு ஆள் நுழையுற அளவுக்குப் பொட்டு இருக்குதே, மாடு புகுந்துச்சுன்னீங்களே…

– முதல்ல மாடுதான் புகுந்தது.

– அப்புறம்?

– முத்துலிங்கத்தார் புகுந்தார்.

– தம்பி.

– நான் கூப்பிடேல்லை அக்கா, மாதா அறிய நான் கூப்பிடேல்லை. ரெண்டாம் நாள் வேலிக்கு அங்கால நிண்டு இருமினார். எட்டிப் பாத்தன். தம்பி, தலையிடி தாங்கேல்லை, ஒரு வாய் தேத்தண்ணி, ஆனா அந்தக் கண்றாவியில வேண்டாம் எண்டார். வயசு போன மனிசன். சால்வையைத் தலையில போட்டுக்கொண்டு, சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில நிண்டு, கள்ளன் மாதிரிக் குடிச்சிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார்.

– வேற யாரு?

– பொன்னையா அண்ணை.

– ரெண்டு பேருமா?

– ரெண்டு பேரும் ஒரே நேரத்தில இல்லை. முத்துலிங்கத்தார் வெள்ளன வாறவர். பொன்னையா அண்ணை வெயில் ஏற வாறவர். உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கிளாஸ், வேற ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை எண்டு ரெண்டு பேரிட்டயும் சொல்லியிருக்கிறன்.

– அவங்க மட்டுமா?

– இன்னும் கொஞ்சப் பேர்.

– அவங்க கிட்டயும் அதே கதையா?

– ஓம்.

– எதுல கழுவுறீங்க?

– சாம்பல் போட்டுத் தேய்ச்சு, வாளியில அலசி.

– பச்சைத் தண்ணியில.

– கொதிதண்ணியில போட்டா இதுவும் வெடிச்சிடுமே அக்கா. கடைசிக் கிளாஸ்.

– உங்களுக்கு மூளை கடலோட போச்சா தம்பி? ஊர் வாயெல்லாம் ஒரு கிளாசுல. சந்தியில இளையதம்பி கடையில இப்படித்தான் ஆரம்பிச்சுச்சுன்னாங்க. இப்பக் கடையும் இல்ல, ஆளும் இல்ல. இதுக்காகவா நான் நாய் மாதிரி சிரட்டை பொறுக்குறேன்?

– கோவிக்காதேங்கோ, ஒரு கதை கேளுங்கோ. இந்தப் பின்பக்கம் இல்லாட்டி நாங்கள் எப்பவோ பூட்டியிருப்பம். முன்பக்கம் பிஎச்ஐக்கு, பின்பக்கம் எங்கட சோத்துக்கு. கடலுக்குப் போறவன் ஒரு வலையோட போறதில்லை அக்கா. ஒண்டு கிழிஞ்சா மற்றது இருக்கவேணும். நான் அப்பிடித்தான் யோசிச்சனான்.

– கடல்ல வலை கிழிஞ்சா மீன் தப்பும். இங்க கிழிஞ்சா யாரு தப்புவா? பிஎச்ஐ ஐயா மத்தியானம் வந்து இந்தப் பேசினத் தூக்கினாருன்னா கடை முடிஞ்சுது. நீங்க திரும்பக் கடலுக்கா போவீங்க? முல்லைத்தீவுக் கரையில உங்க வள்ளம் எங்க கெடக்குன்னு உங்களுக்கே தெரியாது. நான் திரும்பக் கூலிக்குப் போகணும். வருத்தத்துக்குப் பயந்து இப்ப எந்த வயல்லயும் வெளியாள எறக்குறதில்ல. பாத்தீங்களா கூத்த? அந்தக் காலத்துல சிரட்டைக்காரன் பின்பக்கம் நின்னான். இப்பக் கிளாசுக்காரன் நிக்கிறான்.

– மெல்லமாக் கதையுங்கோ.

– ஏன் மெல்லமா?

– வேலியடியில ஆரோ நிக்கினம்.

– தம்பி. ஸ்ரனிஸ்லஸ் தம்பி. நிக்கிறியோ?

– பொன்னையா அண்ணை, இப்ப கொஞ்சம்… பிறகு வாறியளோ?

– ஏன் பிறகு? உள்ள வாங்கண்ணே. குனிஞ்சு வாங்க, கம்பி கிழிக்கும்.

– ஓ, பேச்சிப்பிள்ளை நிக்கிறியோ. நான் சும்மா இந்தப் பக்கத்தால போனனான்.

– சும்மா போறவங்க ரோட்டால போவாங்கண்ணே.

– என்ன பிள்ளை, கையில என்ர கிளாஸ்?

– உங்களுதா? முத்துலிங்கத்தார் கிட்டக் கேட்டா அவரோடதும்பாரு.

– என்ன சொல்லுறாய்?

– தம்பி, நீங்களே சொல்லுங்க.

– அண்ணை… அவரும் வாறவர். விடியவில. உங்களுக்கு முதல்.

– இதே கிளாசிலயோ?

– இருக்கிறது இது ஒண்டுதான் அண்ணை.

– அப்ப அவர் குடிச்சிட்டு வைச்சதிலதான் நான் குடிக்கிறன். நான் குடிச்சிட்டு வைச்சதில அடுத்த நாள் அவர் குடிக்கிறார். அவருக்குத் தெரியுமோ?

– தெரியாது.

– சொல்லிப்போடாதை. பாவம் மனிசன், வாந்திபேதி இல்லாமலே வாந்தி எடுத்துப்போடுவார்.

– சிரிக்காதீங்கண்ணே. இதுல வருத்தம் வந்தா ரெண்டு பேருக்கும் சேந்துதான் வரும்.

– பொறு பிள்ளை, சிரிக்க விடு. கனகாலத்துக்குப் பிறகு சிரிக்கிறன். கேட்டியோ, என்ர முன்பல்லு ரெண்டும் எங்க போனது எண்டு உனக்குத் தெரியுமோ? ஒரு தேத்தண்ணிக் கிளாசுக்குப் போனது. அப்ப நான் இவன் தம்பியின்ர வயசு. எங்கட ஊர்ச் சந்திக் கடைக்குள்ள நாங்கள் நாலைஞ்சு பெடியள் போய், வாங்கில இருந்து, எங்களுக்கும் கிளாசில தா எண்டு கேட்டனாங்கள். அந்த வாங்கையே தூக்கி அடிச்சாங்கள். அடிச்சதில முத்துலிங்கத்தின்ர ஆக்களும் நிண்டவை. ஆனாப் பிறகு கிளாஸ் தந்தாங்கள். அதுக்குப் பிறகு நான் ஒரு நாளும் பின்பக்கம் போனதில்லை.

– இப்பப் போறீங்களே.

– ஓம். இப்பப் போறன். சிரட்டையிலும் பாக்க இது பரவாயில்லை எண்டு நினைச்சன்.

– தள்ளி நில்லுங்கண்ணே. இந்தக் கிளாசு இனி வேணாம்.

– அக்கா, வேண்டாம். அக்கா. கடைசிக் கிளாஸ்.

– கடைசின்னா இன்னும் நல்லது.

– உடைச்சுப்போட்டியே பிள்ளை.

– ஒடைச்சுட்டேன். தம்பி, கூட்டி அள்ளிக் குழியில போடுங்க, காலுல குத்தும். பொன்னையாண்ணே, நான் உங்க பல்லக் கொறச்சுப் பேசல. ஆனா அந்தக் கடைக்காரன் உங்கள வெளிய நிறுத்துறதுக்குச் சிரட்டை குடுத்தான். நான் உசிரோட வச்சிருக்கிறதுக்குக் குடுக்கிறேன். முத்துலிங்கத்தாருக்கும் அதேதான், பிஎச்ஐ ஐயா கேட்டா அவருக்கும் அதேதான். ஒரு உதவி பண்ணுங்க. முன்னால வந்து வாங்குல இருந்து ஒரே ஒரு சிரட்டை குடிங்க. இந்தத் தெருவுல உங்களப் பாத்துத்தான் பாதிப் பேரு வராம நிக்கிறாங்க. பொன்னையாவே குடிக்கிறாருன்னா மத்தவங்களும் வருவாங்க. மத்தியானத்துக்குள்ள நாலு பேரு முன்னால இருந்தாத்தான் இந்தக் கடை கடையா இருக்கும்.

– ஓம் அண்ணை, அக்கா சொல்லுறது சரி. நானே ஊத்தித் தாறன், பனங்கட்டி ரெண்டு துண்டு.

– பனங்கட்டி கிடக்கட்டும். பிள்ளை, நான் வாறன். முன்னுக்கு வந்து இருக்கிறன். ஆனால் நீயும் எனக்குப் பக்கத்தில வாங்கில இருந்து, ஒரு சிரட்டையில குடிக்கவேணும்.

– நானா? எனக்கு அடுப்பு வேலை இருக்குண்ணே.

– அடுப்பைத் தம்பி பாப்பான்.

– நான் தேத்தண்ணி அவ்வளவு குடிக்கிறதில்ல.

– என்ன அக்கா, பொய் சொல்லுறியள். நீங்கள் கேத்திலை இறக்கினதும் முதல்ல உங்களுக்குத்தானே ஊத்துறனீங்கள்.

– நீங்க வாய மூடுங்க தம்பி.

– எதில ஊத்துறவா தம்பி?

– அவவின்ர பேணியில. சீனி ரின்னுக்குப் பின்னால வைச்சிருக்கிறா. என்னைத் தொடவும் விடமாட்டா.

– அது என்னோடது. நான் மட்டுந்தான் குடிக்கிறேன். தெனம் கொதிதண்ணியில போட்டு எடுக்கிறேன், அது வெடிக்காது. பிஎச்ஐ ஐயா வந்து பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது.

– நான் பிஎச்ஐ இல்லைப் பிள்ளை. வருத்தத்துக்குத்தானோ தனிப்பேணி?

– வேற எதுக்கு?

– நீதான் சொல்லவேணும்.

– எங்க தேயிலைத் தோட்டத்துல, பெரிய கங்காணி வீட்டுப் பின்னால ஒரு கொய்யா மரம். அதுல சிரட்டைங்க கயித்துல கட்டித் தொங்கும். வேலைக்குப் போறவங்களுக்கு அதுலதான் ஊத்துவாங்க. எங்கப்பாவோடதுல ஒரு ஓட்டை. வெரல வச்சு அடைச்சுக்கிட்டுக் குடிப்பாரு. நான் கூடப் போனா முதல்ல எனக்குத்தான் குடுப்பாரு. வெரல எடுக்காமலே என் வாயில வச்சுக் குடுப்பாரு, சூடு அவர் வெரல்ல படும். எழுபத்தேழு கலவரத்துல எங்க லயத்து வீடுகள எரிச்சாங்க, ஓடியாந்தோம். அப்பாவ வழியில பறிகுடுத்தேன். இங்க வன்னியில வந்து புல்லுப் புடுங்கி முதல்ல வாங்கினது இந்தப் பேணிதான். அன்னையில இருந்து வேற எதுலயும் நான் வாய் வச்சதில்ல. போதுமா?

– அக்கா, இவ்வளவு நாளா எனக்குச் சொல்லேல்லையே.

– நீங்க கேக்கலையே தம்பி.

– அப்ப ஏன் பிள்ளை எங்களுக்குத் தந்தனீ?

– வேற வழி இல்லண்ணே. அத நெனச்சா நான் கடையப் பூட்டணும். அதான் நெனைக்கல. மணலப் போட்டுத் தேய்க்கும்போதுகூட நெனைக்கல.

– கேள். நான் தனிய முன்னுக்கு இருந்தா, ரோட்டில போறவன் என்ன சொல்லுவான்? பொன்னையாவுக்குப் பழைய இடம் திரும்பக் கிடைச்சிட்டுது எண்டு சொல்லுவான். ஒருத்தனும் பின்னால வரமாட்டான். கடைக்காரி பக்கத்தில இருந்து, அதே மாதிரிச் சிரட்டையில, எல்லாரும் பாக்கக் குடிச்சாத்தான் அது வருத்தக் காலத்துச் சிரட்டை. இல்லாட்டி அது அந்தக் கொய்யா மரத்துச் சிரட்டைதான். உன்னைக் கட்டாயப்படுத்தேல்லை. ஏலாது எண்டாச் சொல்லு, நான் வந்த பொட்டாலயே போறன்.

– பிஎச்ஐயின்ர மோட்டச்சைக்கிள் சத்தம் மாதிரிக் கேக்குது அக்கா.

– அது லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் தம்பி. அவர் வர இன்னும் நேரம் இருக்கு.

– பிள்ளை?

– போங்கண்ணே, முன்னால போய் இருங்க. ரோட்டுப் பக்கமா இருங்க, தெரியிற மாதிரி. தம்பி, மூணு சிரட்டை எடுங்க, உங்களுக்கும் சேத்து. ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு ஊத்துங்க. எனக்கு நெறைய ஊத்தாதீங்க. பேணி அங்கயே இருக்கட்டும்.